மாடியில் காலியாகக் கிடக்கும் இரண்டு மேடைகள்

நியூ டவுனில் நாங்கள் கட்டிய அலுவலகத்துக்குச் சின்ன ஏ.சி. இயந்திரமே போதும் என்று நான் சொன்னபோது, அந்த அலுவலகத்தின் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொல்கத்தா புழுக்கம் உங்களுக்குத் தெரியாதா, மேடம்?"

இதே ஊரில், கிடர்பூரில் பிறந்து வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது! அந்தப் புழுக்கத்தை உள்ளே விடாமல் இருக்கத்தானே கனமான சுவரும் அடுக்குக் கண்ணாடியும், இண்டு இடுக்கெல்லாம் அடைத்த கட்டடமும். அவர் நம்பவில்லை. காற்றுக் கசிவுச் சோதனையில் கட்டடம் தோற்றால் பெரிய இயந்திரங்கள் இரண்டு வாங்குவேன் என்று, மொட்டை மாடியில் அவற்றுக்குச் சிமென்ட் மேடையே கட்டிவிட்டார். பெரிய இயந்திரம் வந்தால் மின்சாரத்தை அது விழுங்கும். என் உழைப்பு வீண்.

சோதனை இதுதான்: வாசல் கதவில் ஒரு விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே இழுப்போம். ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகும், மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். ஒத்திகையில் நன்றாகத் தேறிய கட்டடம், தொழிலாளர்கள் கருவிகளை வைத்துக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் மேனேஜர் முன்னால் தோற்றது.

"ஆர்டர் போட்டுடலாமா?" என்று அவர் போனை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விசிறியை ஓடவிட்டு, பூஜையில் மிஞ்சிய ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவர் சுவராகப் போனேன். எங்கும் புகை நேராகவே எழுந்தது. மின்சார அறையில், யானைமேல் அமர்ந்த விஸ்வகர்மா சிலைக்குப் பின்னால் மட்டும் சட்டென்று என் முகத்தில் அடித்தது. சுவரில் விரல் நுழையும் ஓட்டை! வெளியே வாசல் பந்தலின் சீரியல் பல்புக்கு ஒயர் இழுக்க எலக்ட்ரீஷியன் போட்டது.

"சாமிக்காகத்தானே போட்டேன், தீதி," என்று என்னை அக்காவாக்கித் தலையைச் சொறிந்தார். திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவரே ஒயரை உருவி ஓட்டையை அடைத்தார். மறுபடி விசிறியைப் போட்டோம். தேறிவிட்டது. கண் கலங்கியது எனக்கு. கெட்டிக்காரிதான் நீ என்று நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. மேனேஜர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கோடை வந்தது, போனது. சின்ன இயந்திரமே சமாளித்தது.

அடுத்த பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் வேலையாகச் சிலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சுவர் பத்திரமாக இருந்தது. மாடியேறினால், வானமெல்லாம் காத்தாடி; விஸ்வகர்மா பூஜையன்று எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். சிமென்ட் மேடை ஒன்றின்மேல் ஏறி நின்று மேனேஜரும் ஒன்றைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"காத்தாடி விட அருமையான இடம், மேடம்!" என்றார்.

இருக்காதா பின்னே? அதைக் காலியாக வைத்தவள் நானல்லவா! இன்னொரு மேடையில் ஏறி நின்றுகொண்டேன்.