சொல்லாமல் விட்ட வீடு

சண்டைக் காலத்தில் சைரன் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், இறங்கு. துறைமுகப் பக்கம் சைரன் கத்தினால் டவுனில் எங்கள் ஓர்ஸ் ஹில் பகுதியில் நாங்கள் சாப்பிட்ட கையோடு பங்கருக்குள் போய்விடுவோம். யோசிக்கிற வேலை இல்லை, கால் தானாகவே போகும்.

அப்படிப் பழகிய சனங்களுக்குத்தான் வெள்ளத்துக்கென்று ஒரு சைரன் வந்தது. நான் அப்போது தம்பலகாமப் பக்கம் ஒரு குளத்தில் வேலை பார்த்தேன். மாரியில் குளம் நிரம்பி வான்கதவைத் திறந்தால், கொஞ்ச நேரத்திலேயே கீழே உள்ள வீடுகளுக்குத் தண்ணீர் வந்துவிடும். கையால் சுற்றுகிற சைரன் ஒன்றை, இராணுவ முகாமில் அனுமதி எடுத்து, குளக்கட்டில் பூட்டினோம். சுற்றுகிற வேலை எனக்கு.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி ஆக்கிப்போடாதையும்," என்று மேலதிகாரி முதலில் பகிடி விட்டார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னார்: "வீடு வீடாப் போய்ச் சொல்லவேணும். இந்தச் சைரன் கேட்டால் பங்கருக்குள்ள இறங்கக்கூடாது, கோயில் மேட்டுக்கு ஓடவேணும். ஒரு வீடும் விடக்கூடாது. சொன்னதுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும்."

இரண்டு நாள் சைக்கிளில் அலைந்தேன். எல்லா வீட்டிலும் சொன்னேன். மிஞ்சியது வாய்க்காலோரம் தனியாக நின்ற ஒரு வீடு. அதற்குப் போக ஒரு சென்றியை, இராணுவக் காவலரணை, தாண்ட வேண்டும். சைக்கிளால் இறங்கி, அடையாள அட்டை காட்டி, அவர்கள் விடும்வரை வெயிலில் நிற்க வேண்டும். சென்றிக்குப் பயந்துதான் போகவில்லை என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அது முழுப் பொய். சந்தித் தேத்தண்ணிக் கடை ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை போய்க்கொண்டிருந்தது. நான் உள்ளே போய்க் கதிரையில் குந்திவிட்டேன். ஆட்டம் முடிய டவுனுக்குப் போகிற கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்துத் தாளில் அந்த வீட்டுக்கு நேரே நானே ஒரு கையெழுத்தைக் கிறுக்கினேன். நாளைக்குப் போய்ச் சொன்னால் போயிற்று என்று நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை. எனக்கு மறந்தும் போனது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் வான்கதவைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கை கழன்று விழும் மட்டும் சைரனைச் சுற்றினேன். குளக்கட்டில் நின்று பார்க்க, சனங்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறுவது தெரிந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை உயிரையும் நான் காப்பாற்றுகிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

அந்த வாய்க்காலோர வீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். மிதிவெடியில் அவருக்கு ஒரு கால் போயிருந்தது, மற்றக் காலும் சரியாக ஊன்ற ஏலாது. எங்கள் ஊர்களில் ஏலாதவர்களைத்தான் முதலில் பங்கருக்குள் இறக்குவது வழக்கம். சைரன் கேட்டதும் அந்த அக்காவும் அப்படித்தான் செய்தார். புருஷனைத் தாங்கிப் பிடித்து உள்ளே இறக்கிவிட்டு, அடையாள அட்டைகள் இருந்த பையை எடுக்க வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது வாய்க்கால் உடைத்த தண்ணீர் பங்கருக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாராம். ஒரு ஆள் பலத்துக்கு அவர் மேலே வரவில்லை, உள்ளேயே மூழ்கிப்போனார்.

வெள்ளம் வந்த எட்டாம் நாள், சனங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு நிவாரணப் படிவங்களோடு போனேன். வரிசையில் அந்த அக்கா வந்து நின்றார். என்னை ஏசுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் ஏசவில்லை.

"தம்பி, நீங்கள்தானே வீடு வீடா வந்து சொன்னனீங்கள்? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாமல் போச்சு. நான் வயலுக்குப் போன நேரம் வந்தனீங்களோ?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்காது என்று அப்போதே தெரிந்தது. பக்கத்தில் மேலதிகாரி நின்றார். அவருடைய ஃபைலில் நான் கிறுக்கிய கையெழுத்து இருந்தது.

"ஓம் அக்கா, வந்தனான்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கள்ளனுக்கு வாய் நீளம். "படலையில நிண்டு கனநேரம் கூப்பிட்டுப் பார்த்தனான். வீட்டில ஒருத்தரும் இல்லை."

அக்கா என் முகத்தையே பார்த்தார். கோபம் இல்லை. எதையோ சரிபார்ப்பவர் போல இருந்தார்.

"அவர் வீட்டை விட்டு எங்க தம்பி போறது?" என்றார் மெதுவாக. "எந்நேரமும் அங்கதானே இருந்தவர்."

பிறகு என் கையிலிருந்த பேனையை வாங்கி, படிவத்தில் நான் காட்டிய இடத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.