நஸ்ரின் விற்க மறுத்த கண்ணாடி

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். முடியவில்லை. இன்னும் ஒரு படி இருந்தது.

பைஃபோகல் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு இது உடனே புரியும். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிப்பதற்கு. ஆனால் படியிறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகத்தானே காலைப் பார்க்கிறோம்? படிப்பதற்கும் படிக்கட்டுக்கும் ஒரே லென்ஸ் ஒத்துவருமா என்ன?

கணுக்கால் வீங்கிவிட்டது. தைலம் எங்கே என்று கேட்டேன். "தைலம் அப்புறம். முதல்ல கண்ணாடியை மாத்துங்க" என்றார் மனைவி.

காரைக்காலில் எனக்குத் தெரிந்த கண்ணாடிக் கடை நஸ்ரினுடையதுதான். கடைத்தெருவில், ஒரு டீக்கடையை ஒட்டிய சின்ன இடம். நஸ்ரினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண் பரிசோதனைப் படிப்பை முறையாகப் படித்தவர். கணவர் துபாயில். கடை முழுக்க இவர் பொறுப்பு.

அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வந்தவர்களிடம் பவர் என்ன என்று முதலில் கேட்க மாட்டார். "என்ன வேலை பாக்குறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அன்று எனக்கு முன்னால் மண்டபத்தூர் விசைப்படகு ஓட்டுநர் ஒருவர் நின்றிருந்தார். கூலிங் கிளாஸ் வேண்டுமாம். நஸ்ரின் அவரை வாசலுக்கு அழைத்துப் போனார். தெருவில் தேங்கிய தண்ணீரில் வெயில் பளீரென்று அடித்தது. ஒரு சாதாரணக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு போலராய்டு கண்ணாடி.

"அட... அடியில கெடக்குற கல்லு தெரியுதே!" என்றார் அவர்.

"தண்ணி மேல அடிக்கிற வெயில இது வெட்டிரும். உங்களுக்கு இதுதாங்க."

அவருக்குப் பின்னால் வந்தவர் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுபவர். அவரும் கேட்டது கூலிங் கிளாஸ்தான். அவருக்குக் கொடுத்ததோ, பக்கவாட்டிலும் மூடிய வெள்ளைக் கண்ணாடி. "உங்களுக்கு வெயில விட தூசிதாங்க எதிரி."

பக்கத்து டீக்கடையைப் பாருங்கள். டீக்கு வரி போட்ட குட்டைக் கிளாஸ். நன்னாரி சர்பத்துக்கு உயரமான கிளாஸ். காபி என்றால் டபரா செட். சர்பத் கிளாஸில் டீ கொடுத்தால் சண்டைக்குப் போவோம் இல்லையா? ஆனால் முகத்தில் மாட்டும் கண்ணாடி மட்டும்... கிடைத்தது எதுவானாலும் சரி!

என் முறை வந்தபோதுதான் மல்லிகா அக்கா உள்ளே வந்தார்.

கிளிஞ்சல்மேட்டுக்காரர். மீன் மார்க்கெட்டில் அருவாமனை போட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுப்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் கொடுவா மீனை நறுக்கும் வேகத்தை நான் பல ஞாயிற்றுக்கிழமைகள் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். அன்று அவருடைய இடது கையில் மூன்று விரல்களில் துணிக்கட்டு.

"இந்தாம்மா, படிக்கிற கண்ணாடி ஒண்ணு குடு. பவர் கூட்டிக் குடு" என்றார்.

"டெஸ்ட் பண்ணிரலாம்க்கா, உக்காருங்க."

"டெஸ்ட்டெல்லாம் வேணாம்மா. ரோட்டுக்கடையில மூணு கண்ணாடி வாங்கிப் பாத்துட்டேன். எதுவும் சரியில்ல. நீ நல்லதா ஒண்ணு குடு, போட்டுட்டுப் போறேன்."

வேறு கடையாக இருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். கேட்பதைக் கொடுப்பதுதானே வியாபாரம்? நஸ்ரின் அந்தக் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இருங்க, டீ சாப்பிட்டுப் போகலாம்" என்று பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார்.

டீக்கடைக்காரர் மூன்று கிளாஸ் டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மல்லிகா அக்கா கையை நீட்டினார். விரல்கள் கிளாஸுக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே மூடிக்கொண்டன. வெறும் காற்று. மறுபடி நீட்டினார். இப்போது புறங்கை இடித்து டீ கொட்டியது.

"பாத்தியா, கை நடுங்குது" என்றார் அவசரமாக. "இதைத்தான் எம் மவனும் சொல்றான். போதும்மா, கை நடுக்கம் வந்துருச்சு, வீட்ல கெடங்கறான்."

கை நடுங்கவில்லை. அது எனக்கே தெரிந்தது. கிளாஸ் ஓர் இடத்தில் இருக்க, அவர் வேறோர் இடத்தில் தேடினார். நான் அதைக் கவனக்குறைவு என்று நினைத்தேன். நஸ்ரின் அப்படி நினைக்கவில்லை.

கொட்டியதைத் துடைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரையும் காலி கண்ணாடிக் கிளாஸையும் முன்னால் வைத்தார். "அக்கா, எனக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திக் குடுங்களேன்."

மல்லிகா அக்கா ஊற்றினார். நிதானமாகத்தான் ஊற்றினார். தண்ணீர் கிளாஸுக்கு வெளியே மேசையில் ஓடியது.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நஸ்ரின் எழுந்து பின்னால் போய் நின்று, அவருடைய இடது கண்ணை உள்ளங்கையால் மூடினார்.

"இப்ப சாரைப் பாருங்க. தெரியுறாரா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பொகையா இருக்கு... ஆளு இருக்குற மாதிரி இருக்கு. ஏம்மா, என்ன பண்ண நீ?"

"ஒண்ணும் பண்ணலக்கா. நல்லா தெரியுற கண்ண மூடிருக்கேன். இதுதான் உங்க வலது கண்ணு."

அக்கா அந்தக் கையை விலக்கிவிட்டு, தானே இடது கண்ணை மூடி மூடிப் பார்த்தார்.

நஸ்ரின் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. இடது கண்ணே மொத்த வேலையையும் பார்த்துவந்ததால் அவருக்கு அது தெரியவே இல்லை. ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்ல இரண்டு கண்ணும் வேண்டும் என்று நஸ்ரின் விளக்கினார். ஒரு கண் மங்கியதும் கத்திக்கும் விரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குழம்பிவிட்டது. பாவம், பழியை ஏற்றுக்கொண்டது கை.

"உங்களுக்குக் கண்ணாடி தர மாட்டேன்க்கா. எந்தப் பவரும் இதுக்கு உதவாது. ஆபரேஷன் பண்ணணும். அரசு ஆஸ்பத்திரியிலயே பண்ணிக்கலாம்."

அக்கா தலையை வேகமாக ஆட்டினார். ஊசியோ கத்தியோ அவருக்குப் பயமில்லை. பயம் வேறு.

"ஒரு மாசம் நான் போகலன்னா எடம் போயிரும்மா. வேற எவளாவது உக்காந்துருவா. எம் மவனும் இதான் சாக்குன்னு என்னை வீட்ல உக்கார வச்சுருவான். தெனம் நாலு பேரு மூஞ்சியப் பாக்காம என்னால இருக்க முடியாது" என்றார்.

நஸ்ரின் அக்காவின் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் கடையைத் திறக்கவில்லை. மீன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். அக்காவுக்குப் பக்கத்தில் மீன் ஆய்கிற பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாராம், "அவ எடத்துல எவ உக்காருவா? உக்காந்து பாக்கட்டும்!"

அன்று மாலை கிளிஞ்சல்மேட்டுக்கும் போனார். மகனை உட்காரவைத்து, ஒரு கண்ணைக் கட்டி, கிளாஸில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மகன் படகில் எஞ்சின் ஓட்டுகிற ஆள். வைராக்கியமாக ஊற்றியும் கொஞ்சம் சிந்திவிட்டது. "உங்களுக்கு இது ஒரு நிமிஷம்தான். அம்மா இப்படியேதான் மீன் வெட்டியிருக்காங்க. கையில ஒண்ணும் இல்லைங்க, கண்ணு சரியாயிட்டா பழையபடி வெட்டுவாங்க" என்றாராம் நஸ்ரின். மகன் தலையைக் குனிந்துகொண்டான். ஆஸ்பத்திரிக்கு அவனேதான் அழைத்துப் போனான்.

இதையெல்லாம் நஸ்ரின் என்னிடம் சொல்லவில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். நஸ்ரினிடம் கேட்டால், "அல்லாஹ் நாடினான், நடந்துச்சு" என்று லென்ஸைத் துடைக்கப் போய்விடுகிறார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் கறுப்புக் கண்ணாடியோடு அக்கா தெருவில் நடந்தபோது, பெரிய ஆள் மாதிரி இருக்கீங்க என்று எல்லாரும் கிண்டல் செய்திருக்கிறார்கள். கண் ஆறி, டாக்டர் சரியென்று சொன்ன பிறகு மறுபடியும் நஸ்ரின் கடைக்கு வந்தார். படியிறங்க, நடக்க என்று நஸ்ரின் தனியாகக் கொடுத்த என் புதுக் கண்ணாடி மூக்கில் அழுத்துகிறது என்று நானும் அன்று போயிருந்தேன்.

இந்தத் தடவை நஸ்ரின் கண்ணாடி கொடுத்தார். எப்படித் தெரியுமா? அக்காவைக் கடைத் தரையில், மீன் ஆயும்போது உட்காருவதுபோலவே ஒரு காலை மடக்கி உட்காரச் சொன்னார். அருவாமனை இருக்கும் இடத்தில் ஒரு மரப்பெட்டி. மீனுக்குப் பதில் கண்ணாடிக் கூடு. டேப்பை எடுத்து, அக்காவின் புருவத்திலிருந்து அந்தக் கூடு வரைக்கும் அளந்தார். பேப்பர் படிக்கிற தூரத்தைவிட அது அதிகம்.

"ரோட்டுக்கடைக் கண்ணாடி பேப்பர் படிக்கிறதுக்குக்கா. நீங்க எங்க பேப்பர் படிக்கிறீங்க?"

அக்கா தரையில் உட்கார்ந்தபடியே சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அளவுக்குச் சட்டை தைப்பார்கள், பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷியின் வேலைக்கு அளவெடுத்துக் கண்ணாடி கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன். படித்த படிப்பு எல்லாருக்கும் இருக்கிறது... அதோடு தரையில் குனிந்து டேப் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர்?

போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். மல்லிகா அக்கா அவருடைய இடத்தில் இருந்தார். விரல்களில் கட்டு இல்லை. கை பழைய வேகத்தில் ஓடியது. எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் வஞ்சிரம், ஒரே தடிமனில் வில்லை வில்லையாக விழுந்தது.

நான் வாங்கி வந்திருந்த மீன் பையைப் பெருமையோடு நீட்டினேன். அக்கா சங்கரா மீன் ஒன்றை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு சார் இத உங்க தலையில கட்டுனது? செவுளு வெளுத்துப்போயி ரெண்டு நாளாச்சு. கண்ணாடி போட்டுட்டுத்தான வாங்குனீங்க?"