ஷரஃபுதீனின் ஓர் அங்குலம்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, யாரோ மாதிரிக்கு அனுப்பிவைத்த ரவிக்கையை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார் ஷரஃபுதீன். அக்குளில் தையலைப் பிரித்துவிட்ட தடம் தெரிகிறது. "ஒல்லியா இர்ந்தப்போ தச்சது பா இது" என்று முணுமுணுத்துவிட்டு, நேற்றைய பேப்பரை விரித்துக் கத்திரியை எடுக்கிறார்.

கச்சேரி ரோட்டில் அவருடையது தையல் கடைதான். ஆனால் தைத்துக் கொடுப்பதைக் காட்டிலும் ரவிக்கைக்குக் காகிதம் வெட்டி விற்பதே அதிகம். அதைத் துணிமேல் வைத்து வெட்டி, வீட்டு மிஷினில் பெண்கள் தாங்களே தைத்துக்கொள்ளலாம். கை ஒரு யுத்தச் செய்தி, முதுகு ஒரு சோப்பு விளம்பரம். ஓரங்களில் நீலப் பென்சிலால் "இங்கே மடி", "இங்கே கத்திரி வைக்காதே" என்று எழுதியிருக்கும். எல்லார் பிழைப்பிலும் மண்ணைப் போடுகிறாரே என்று மற்றத் தையற்காரர்களுக்கு வயிற்றெரிச்சல்.

இளவயதில் மவுண்ட் ரோட்டில் ஒரு துரைசானிக் கடையில் துணி வெட்டினாராம். கவுன் தைப்பதற்கான காகிதங்கள், உறைமேல் படம் போட்டு, சீமையிலிருந்து கப்பலில் வருமாம். "கவ்னுக்கு காய்தம் வர்து, நம்ம ரவிக்கைக்கு மட்டும் இன்னா கேடு?" என்று கேட்கிறார்.

அளவெடுப்பதுதான் தொல்லை. பெண்களை அவர் அளக்கமாட்டார். டேப்பைக் கொடுத்தனுப்பினால், "மூச்சப் புட்ச்சிகினு அளக்கறாங்க நைனா!" மாதிரி ரவிக்கை கேட்டாலோ, போட முடியாமல் பெட்டியில் கிடப்பதுதான் வந்து சேரும். ஆகவே மனிதர் வாயைத் திறக்காமல் ஓர் அங்குலம், சில வீடுகளுக்கு ஒன்றரை, கூட்டி வெட்டிவிடுவார். அவர்களும் கலியாணத்தன்று இருந்தபடியே இருக்கிறோம் என்று நம்பிச் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு புண்ணியவான் இருக்கக்கூடாதா என்று என் சட்டைப் பொத்தான்கள் ஏங்குகின்றன.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது வம்பு வந்தது. கோபாலபுரத்து வேதவல்லி அம்மாள், காகிதத்தை வாங்கிப்போக நேரிலேயே வந்துவிட்டார். துணிக்கு ரேஷன் நடக்கிற நாள். மகள் கலியாணத்தில் சம்பந்திகள் முன் போட்டுக்கொள்ள, அலையாய் அலைந்து ஒரு கஜம் சாட்டின் சம்பாதித்திருக்கிறார். வெட்டிக் கெடுத்தால் வேறு துணி கிடையாது.

"மாதிரியை மேலே வெச்சுப் பார்த்துடறேன். இம்மி பிசகப்படாது."

"அளவெல்லாம் கரீட்டா கீதும்மா."

"பார்க்கறதுல என்ன நஷ்டம்?"

இரண்டாக மடித்த பழைய ரவிக்கை, மேஜையில் கிடந்த காகிதத்தின்மேல் அமர்ந்தது. ஒரு பக்கம் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னால் அம்மாளின் முகம் சுண்டிப்போகும். சொல்லாவிட்டால் நீட்டியிருப்பதை நறுக்கச் சொல்லிவிடுவார், ரவிக்கை பற்றாமல் சாட்டின் வீணாகிவிடும்.

ஷரஃபுதீன், காற்றுக்குப் பறக்காமல் பிடிப்பவர்போல, அந்த ஓரத்தின்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தார்.

அம்மாள் அந்தக் கையைப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார். ஷரஃபுதீன் கையை எடுப்பதற்குள் பழைய ரவிக்கையை வாரிச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.