நாற்பத்து மூன்று வரிகள்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. முதல் வரியில் ஒரு பெயர் தனியாக நிற்கும். அதற்குக் கீழே நாற்பத்திரண்டு பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு, நடுவே நடுவே <br> என்ற குறியோடு கிடக்கும். அது நான் செய்த தப்பு. அதை மறைத்து வைக்க எனக்கு விருப்பமில்லை.

அப்போது மலேசியாவில், ஈப்போ நகரில் இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். தாப்பா பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம் கைமாறியது. நாற்பத்து மூன்று குடும்பங்கள் லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்ய வேண்டும். மாற்று நிலம் தருவதாகச் சொன்னவர்கள் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. குடியிருப்பாளர் குழுவின் செயலாளர், தொழிற்சாலை உணவகத்தில் சமைக்கும் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் செயலாளர் அக்கா. குழுவுக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தவள் நான்.

அதில் பதிவான பெயர்களை நில அலுவலகத்துக்கு மனுவாக அச்சிட வேண்டியிருந்தது. இணையப் பக்கம் ஒவ்வொரு வரி முடிவையும் <br> என்று குறித்து வைத்திருந்தது. வெறும் எழுத்தாக அச்சிடும்போது அங்கே உண்மையான புது வரி வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் replace("<br>", "\n") என்று எழுதினேன். அப்படி எழுதினால் முதல் குறியை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடும் என்பதை அவசரத்தில் மறந்தேன். தாளைப் பார்க்காமலே உறையில் போட்டேன்.

அக்காவும் நானும் நில அலுவலகம் போனோம். முகப்பிலிருந்த அதிகாரி தாளைப் பார்த்துச் சிரித்தார். முதல் பெயரோடு 'மற்றும் பலர்' என்று போட்டுக்கொள்ளலாமே என்று மலாயில் சொன்னார். வெட்கத்தில் நான் தலையாட்டப் போனேன்.

"பலர்னா யாரு லா? எங்களுக்குப் பேரு இருக்கு" என்றார் அக்கா. "தங்கச்சி, தாளு போனாப் போகட்டும். பேரு எனக்கு மனப்பாடம்."

தோட்டத்தில் காலையில் பெரட்டு நடக்கும். வரிசையில் நிற்பவர்களைப் பெயர் பெயராகக் கூப்பிடுவார்கள். பதில் சொன்னவருக்குத்தான் அன்றைக்கு வேலை. அக்கா அந்த முகப்பிலேயே பெரட்டு கூப்பிட்டார். எங்களோடு பஸ் ஏறி வந்து வாசலில் காத்திருந்த தோட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து "இருக்கேன்" என்றார்கள். பதினேழாவது அவருடைய பெயர். தானே கூப்பிட்டுத் தானே "இருக்கேன்" என்றார். யாரோ சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்து நாற்பத்து மூன்று வரி எழுதினார்.

அலுவலகம் திரும்பியதும் replace(/<br\s*\/?>/gi, "\n") என்று மாற்றினேன். அந்த g இருந்தால்தான் கடைசிப் பெயர் வரைக்கும் போகும். அக்காவிடம் காட்டினேன். "இத மொதல்லயே போட்டிருக்கலாம்ல" என்றார். அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான்.

நிலம் இன்னும் வரவில்லை. அக்கா போன வருடம் இறந்துபோனார். சென்ற மாதம் தோட்டத்துக்காரர்களோடு மறுபடி நில அலுவலகம் போனேன். அங்கே ஒரு புது அதிகாரி, பழைய மனு கிடைக்கவில்லை என்றார். சரியாக அச்சிட்ட பட்டியலை நீட்டினேன். புரட்டிக்கூடப் பார்க்காமல், ஒரு பிரதிநிதியின் பெயர் போதும் என்று தள்ளி வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. பையில் அந்தப் பழைய தாளும் இருந்தது. என் தப்பு என்னோடு வரட்டும் என்று எடுத்துப் போயிருந்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தேன். ஒவ்வொரு <br> வரும்போதும் நிறுத்தினேன். பின்னாலிருந்து "இருக்கேன்" என்று கேட்ட பிறகே அடுத்த பெயருக்குப் போனேன்.

பதினேழாவது பெயரைக் கூப்பிட்டதும் அமைதியாகிவிட்டது.

"அத விட்ருங்க லா, ஆளுதான் இல்லையே" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

அதே பெயரை இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். "இருக்கேன்" என்று நானே பதில் சொன்னேன். பிறகு பதினெட்டாவது பெயருக்குப் போனேன்.