வத்தலக்குண்டு பஸ்ஸில் ஒரு கிட்டார் பாட்டு

யாருக்கும் வேண்டாத பாட்டு அது. உலகமே கொண்டாடும் ஒரு பாப் குழு, பெயரெடுப்பதற்கு முன் பாடியது. ஒரு கிட்டார், நாலு குரல், அவ்வளவுதான். மேளம் கிடையாது, ஆட்டம் கிடையாது. இப்போது அவர்களே அதை மேடையில் பாடுவதில்லை. என் மகள் அந்தக் குழுவின் பரம ரசிகை. அவள் அறைச் சுவர் முழுக்க அவர்கள் படம்தான். அவளுக்குப் போட்டுக் காட்டினேன். "இது ரிகர்சல்ப்பா" என்றாள். மனைவி பாதிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே ஒரு ஆள், இந்தத் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரே ஒரு ஆள் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டால் போதும் என்று அலைந்தேன்.

வேலைக்கு நான் தினமும் வத்தலக்குண்டு போய்த் திரும்பும் தனியார் பஸ்ஸில் பாட்டு இல்லாமல் சக்கரம் உருளாது. அந்தச் சத்தத்துக்காகவே முன்னால் கிளம்பும் வண்டியை விட்டுவிட்டு இதில் ஏறுகிறவர்கள் உண்டு. ஒருநாள் சாயங்காலம் டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி என் பென்டிரைவைச் செருக வைத்தேன். அதில் அந்த ஒரு பாட்டுதான் இருந்தது. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

கிட்டார் ஆரம்பித்ததும் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரை ஒருவர் கையால் தட்டினார். "ஒயரு புடுங்கிக்கிச்சு போல" என்றார் இன்னொருவர். கண்டக்டர் என் பக்கத்தில் வந்து, "ஏண்ணே, வீட்ல யாரும் தவறிட்டாகளா?" என்று மெதுவாக விசாரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்றேன்.

செம்பட்டி நெருங்கும்போது டிரைவர் முகம் மாறியது.

"ஏலே, அடியில என்னமோ கடகடங்குது!"

வண்டியை ஓரங்கட்டினார். இறங்கினோம். டிரைவர் குனிந்து பார்த்தார், கண்டக்டர் படுத்தே பார்த்தார், மற்றவர்கள் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கடைசியில் பின்சீட்டுக்காரர் ஒருவர்தான் வாயைத் திறந்தார். "என் சீட்டுக்கு அடியில தெனமும் வர்ற சத்தந்தேன் இது. நீங்க போடுற பாட்டுல ஒங்களுக்குக் கேக்கல."

டிரைவர் என்னை முறைத்தார். "இந்தப் பாட்டு வேணாம் சார். வண்டிக்கு ஆகாது." பென்டிரைவை உருவி என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

அவமானமாக இருந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏறினேன். வழக்கமான குத்துப்பாட்டு அதிர்ந்தது. எங்களோடு இறங்காமல், முருங்கைக்காய்க் கட்டை மடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் திடுக்கிட்டு விழித்தார்.

"நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு, அந்தப் பாட்ட எதுக்குய்யா நிப்பாட்டிட்டாய்ங்க?"

அவர் சீட்டுக்கே போய் நின்றேன். இருந்தாலும் நம்ப முடியவில்லை. "நீங்க தூங்கிக்கிட்டுல்லம்மா இருந்தீங்க?" என்றேன்.

"கண்ணுதானய்யா தூங்குச்சு" என்றார்.