மண்ணுக்கு ஊற்றிய மெழுகு

அன்று ஆம்பூருக்கு வெளியே அந்த ஏரியில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஆராய்ச்சியில் எனக்கு மூத்தவரான அக்கா, நான், வேன் டிரைவர். வராதவர் எங்கள் கைடு. திருப்பத்தூரில் அவருக்குச் சொந்தக்காரர் கல்யாணம். அதில் தப்பில்லை. ஆனால் ஏரியடி மண்ணை எடுக்கும் குழாயின் வாயை மூட வைத்திருந்த அலுமினியத் தாளும் அவர் காரோடு கல்யாணத்துக்குப் போய்விட்டது. சேற்றில் அடித்து இறக்கி, ஆள் உயரத்துக்கு மண்ணோடு இழுத்த குழாய் இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. கை பட்டால் மண் கெடும், பிளாஸ்டிக் பட்டால் கெடும் என்று அன்று தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் வந்தவர் அக்கா. வேலை முடிந்ததும் மாதா கோயிலில் ஏற்றச் சொல்லி நர்ஸான அவர் அம்மா கொடுத்தனுப்பிய மெழுகுவத்திக் கட்டு பையில் இருந்தது. ஒரு டப்பாவில் உருக்கி இரண்டு வாயிலும் ஊற்றி அடைத்தார்.

"மாதாவுக்கு வெச்சத மண்ணுக்கு ஊத்திட்டியேம்மா" என்றார் டிரைவர்.

"மாதா கோச்சிக்க மாட்டாங்கண்ணா. இந்த மண்ணுதான் ஜாஸ்தி கோச்சிக்கும்."

அந்த மண்ணில் நாங்கள் தேடியதும் மெழுகைத்தான், இலைகளின் மேல் பூசினாற்போல் இருக்கும் மெழுகை. இலை மக்கினாலும் அது ஏரியடியில் தங்கிவிடும். அதைச் சேர்மம் சேர்மமாகப் பிரித்து எரித்து, கனமான கார்பன் எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று அளந்தால் இலை எந்த வகை என்று தெரியும். நெல்லும் மரங்களும் ஒரு வகை, கரைப் புல்லில் பெரும்பாலானவை வேறு வகை. குழாயின் மேல் ஒரு சாண் மண்ணை அக்கா எனக்கென்று ஒதுக்கியிருந்தார். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுத் தண்ணீர் ஏரிக்கு வந்த வருஷங்கள் அந்தச் சாணில்தான். என் அப்பா டேனரியில் தோல் அலசியவர், கைநாட்டு. ஏரியைச் சுற்றி ஒரு காலத்தில் நெல் விளைந்தது, தண்ணீர் மாறித்தான் போனது என்பார். அது எப்போதும் புல்லுக்காடுதான் என்று நிலமுள்ளவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். நெல் எந்த ஆழத்தில் நின்றுபோனது என்று மண்ணே சொல்லட்டும் என்றுதான் நான் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தேன்.

முதல் சோதனையின் வரைபடத் தாளைப் பார்த்ததும் அக்கா உட்கார்ந்துவிட்டார். இலை மெழுகில் ஒற்றைப்படைக் கார்பன் சங்கிலிகள் உயரமாகவும் இரட்டைப்படை குட்டையாகவும் நிற்கும். இதில் எல்லாம் ஒரே உயரத்தில் தோளோடு தோள் உரசி நின்றன. அது மெழுகுவத்தி நிற்கும் விதம். "பிளாஸ்டிக் கூடாதுன்னு மனப்பாடம் பண்ணிட்டு, மெழுகு தேடுற மண்ணுல மெழுகையே ஊத்திருக்கேன் பாரு" என்றார்.

மண்ணை மொத்தமாக எரித்து ஒரே அளவாக எடுத்துவிடும்மா, டிகிரி வந்துவிடும் என்றார் கைடு. "அப்பவும் மெழுகு சேர்ந்துதான் சார் எரியும். நமக்குத் தெரியாது, அவ்ளோதான்" என்றார் அக்கா. வேறு மண் எடுக்கவும் வழியில்லை. அதற்குள் ஏரியின் மேல்மண்ணை லாரிகள் செங்கல் சூளைக்கு அள்ளிவிட்டிருந்தன.

ஓரங்களைச் சீவி எறிந்து, நடு மண்ணை அக்கா விரல் விரலாகச் சோதித்தார். கீழே அரைச் சாண் போனது, மற்றது தேறியது. மேல் சாணில்தான் பேஜார். குழாயை இழுத்ததில் விழுந்த வெடிப்பு வழியே மெழுகு முழுக்க இறங்கியிருந்தது. எனக்காக அதை விட மனமில்லாமல், அதோடு மிச்சமிருந்த ஒரு மெழுகுவத்தியையும் வெளியூர் மெஷினில் அளந்து, மெழுகுவத்தியின் பங்கைக் கழித்துப் பார்த்தார். பங்கைக் கொஞ்சம் ஏற்றினால் நெல் வந்தது, இறக்கினால் புல் வந்தது.

"உனக்கு எது வேணும்?" என்றார், சிரிக்காமல்.

எனக்கு நெல் வேண்டும். அப்பா சொன்னதே வேண்டும். அதனால்தான், "வெட்டிடுங்கக்கா. இதுல நெல்லு வந்தா நான் வர வெச்சதுதான்" என்றேன். அவர் வெட்டி எறிந்தார். மீதி மண்ணும் அந்த மெஷினுக்குப் போய், அவருடைய டாக்டர் பட்டமாகத் திரும்பி வந்தது.

அப்பா இப்போதும் கேட்பார், "இன்னாடா சொல்லுச்சு உன் மண்ணு?"

"கீழ் மண்ணுல புல்லு இல்லப்பா. நெல்லோ மரமோ, உன் பக்கம்தான்."

"எப்போ போச்சாம்?"

"அது மட்டும் தெரியாது."

அளந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டு என் மேசையில் இருக்கிறது. கரண்ட் போனாலும் ஏற்றுவதில்லை. மொத்தத்தில் எங்களுக்கு ஆன செலவு: மாதாவின் ஒரு கட்டு மெழுகுவத்தி, கீழே அரைச் சாண், மேலே ஒரு சாண் மண். அப்பா டேனரிக்குப் போன முதல் நாளிலிருந்து நான் குழாயை அடித்து இறக்கிய காலைவரை எல்லாம் அந்த மேல் சாணில்தான் இருந்தது.