கல்தூசி

எங்கள் பக்கத்தில் போர்வெல் ரிக் வண்டிக்குப் போகிறவருக்குக் கண் சிவந்தால் காரணம் ஒன்றுதான்: கல்தூசி. என் வீட்டுக்காரர் ஆந்திராவில் போர் போட்டுவிட்டு வலது கண் ரத்தமாய்ச் சிவந்து வந்து இறங்கியபோது நானும் வேறெதையும் யோசிக்கவில்லை. வெளிச்சம் பட்டாலே கூசி, துண்டால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "தூசிக்கெல்லாம் டாக்டரா?" என்றவர் என்னையும் கூட்டிக்கொண்டு எருமப்பட்டிக்குக் கிளம்பினார். அங்கே கண்ணில் தூசி எடுக்கிற அம்மா ஒருவர் உண்டு. இமையை விரித்து, நாக்கு நுனியால் துழாவி, உள்ளங்கையில் கடுகளவு கல்லைத் துப்பிக் காட்டினார். "போயிருச்சு சாமி, இனி ஒண்ணுமில்ல." கல்லையே காட்டிய பிறகு என்ன பேசுவது? வலி மட்டும் போகவில்லை. மறுபடி போனோம், மறுபடியும் கல் வந்தது. பார்வை புகைமூட்டமான பிறகுதான் ஆத்திரம் வந்து, நாமக்கல்லில் கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா கருவி வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறகு, "காலைல எந்திரிக்கறப்ப முதுகு விறைச்சுக்குதுங்களா?" என்று கேட்டார்.

கண்ணைக் காட்ட வந்தால் முதுகைக் கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. "ரிக்குல இரும்பு தூக்கறவருங்க, முதுகு வலிக்காதுங்களா?" என்றேன்.

இவரோ, "தூக்கறப்ப இல்லீங்க. படுத்து எந்திரிக்கறப்பத்தான். நடமாடுனா செரியாயிரும்" என்றார். இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாத சேதி அது.

கண்ணில் கல்லே விழவில்லையாம். உள்ளே, கருமணியைச் சுற்றியுள்ள திரையில் அழற்சி. அடிபட்டாலும் வரும், காசநோயாலும் வரும், சில கிருமிகளாலும் வரும் என்றார். ரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்த பிறகு, இவருடைய முதுகெலும்பைப் பிடித்த அதே வாதம்தான் கண்ணையும் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் வரலாமாம். உடனே வந்திருந்தால் சொட்டு மருந்தில் அடங்கியிருக்கும். அதற்குள் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. எருமப்பட்டியில் பார்த்த கல், அந்த அம்மா முன்பே வாயில் ஒளித்து வைத்திருந்ததுதான்.

போன மாதம் லீவுக்கு வந்த மகள், காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

"ஹாஸ்டல் கட்டில் செரியில்லீங்கம்மா."

கட்டில்தான் என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். அதற்குள் அவர் அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், முகத்தை நிமிர்த்தி, இருக்கிற ஒற்றைக் கண்ணால் அவள் கண்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.